இ.ஏ. பாரத்துக்கு முன்னால் பன்னிரண்டு மாதக் கணக்கு

கேட்டவர் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். 2025 ஆகஸ்டோடு அந்த வேலை முடிந்து, ஈப்போவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறார். தோட்டம் கைமாறியதில் அதே ஆண்டு அவருடைய அப்பாவுக்கும் வேலை போய், நஷ்டஈடு கிடைத்திருக்கிறது. அம்மா பெயரில் மூன்று ஏக்கர் செம்பனை இருக்கிறது. தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இவர் சனி ஞாயிறுகளில் வீட்டில் டியூஷன் எடுக்கிறார். கையில் இருப்பது புதிய இடத்தில் கொடுத்த இ.ஏ. பாரம் (முதலாளி தரும் ஆண்டுச் சம்பள விவரம்) ஒன்றுதான். முதல் முறையாகத் தானே வருமான வரி பாரம் நிரப்பப் போவதாகவும், அதற்கு முன் எந்தெந்தத் தாள்களைச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்கிறார்.

தங்கச்சி, வருமான வரி வாரியத்தின் மைடெக்ஸ் இணையப் பக்கத்தை இப்போதைக்குத் திறக்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே அந்த மாதம் கைக்கும் வங்கிக்கும் வந்த பணம் எவ்வளவு, யார் கொடுத்தது, எதற்காக என்று குறியுங்கள். வரி கட்ட வேண்டிய பணம், கட்ட வேண்டாத பணம் என்று இந்தக் கட்டத்தில் பிரிக்க வேண்டாம். வந்ததெல்லாம் அதில் இருக்கட்டும். நமக்கு வரி ஆண்டு என்பது ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. அந்த எல்லைக்குள் வந்த ஒவ்வொரு வெள்ளிக்கும் (ரிங்கிட்டுக்கும்) ஒரு தாள் இருக்க வேண்டும். எந்த வரிசைக்குத் தாள் இல்லையோ அதைத் தேடுவதுதான் நீங்கள் கேட்ட வேலை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தோட்ட அலுவலகத்தில் கணக்குப் பார்த்த காலம் முதல் இன்று வரை நான் பார்ப்பது ஒன்றுதான். இ.ஏ. பாரம் வந்ததும் அதிலுள்ள எண்களை அப்படியே தட்டிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். இ.ஏ. என்பது உங்களுக்கு என்ன கொடுத்தோம் என்று முதலாளி சொல்வது. உங்கள் கைக்கு என்ன வந்தது என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். பாரத்தின் கடைசியில் உறுதிமொழி கொடுப்பதும் நீங்கள்தான். இப்போது இ-ஃபைலிங்கில் முதலாளி அனுப்பிய தொகை பல பேருக்கு முன்கூட்டியே நிரப்பப்பட்டு வருகிறது. அது வசதிதான். ஆனால் உங்களுக்கு இரண்டு முதலாளிகள். ஒருவர் அனுப்பி மற்றவர் அனுப்பாமல் இருந்தால், திரையில் நான்கு மாதச் சம்பளம் மட்டுமே தெரியும்.

அடுத்து, வீட்டில் ஒரே உண்டியல்தான் என்றாலும் வரி ஐ.சி. நம்பர் வாரியாகத்தான். உங்களுடையது, அப்பாவுடையது, அம்மாவுடையது என்று மூன்று கோப்பு போடுங்கள். தாமான் வீட்டின் கிராந்திலும் (உரிமைப் பத்திரத்திலும்) வாங்கிய ஒப்பந்தத்திலும் யார் பெயர் இருக்கிறதோ, வாடகை அவருடைய கோப்பில் போகும். வாடகைப் பணம் யாருடைய வங்கிக் கணக்கில் விழுகிறது என்பது இதை முடிவு செய்யாது.

இப்போது உங்களுடைய கோப்பு. உங்களுக்கு இரண்டு இ.ஏ. வேண்டும்: ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை பழைய தோட்டம், அதற்குப் பிறகு புதிய இடம். வேலையை விட்டுப் போனவருக்கும் முந்திய ஆண்டின் இ.ஏ. பாரத்தை பிப்ரவரி கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, கொடுக்காத முதலாளிக்கு 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதனால் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். தோட்டம் கைமாறியிருப்பதால் யாரிடம் கேட்பது என்பதுதான் குழப்பம். புதிய முதலாளியிடம் போய் நிற்காதீர்கள். உங்கள் சம்பளச் சீட்டின் தலைப்பிலும், இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கணக்கில் முதலாளி என்ற இடத்திலும் எந்த கம்பெனியின் பெயர் இருக்கிறதோ, அதன் தலைமையகத்துக்கு எழுதுங்கள். முழுப்பெயர், ஐ.சி. நம்பர், வேலை செய்த தோட்டம், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். மின்னஞ்சலாக அனுப்பினால் தேதியோடு ஒரு பிரதி உங்களிடம் தங்கும். வாய்மொழியாகக் கேட்டதற்கு அந்தச் சாட்சி கிடையாது.

கேட்டும் வரவில்லை என்றால்? இ.ஏ. வரவில்லை என்பதற்காக நீங்கள் பாரம் அனுப்பாமல் இருக்க முடியாது. சம்பளச் சீட்டுகளைக் கூட்டிப் போடுங்கள், அதோடு வருமான வரி வாரியத்திடமும் முறையிடுங்கள். சீட்டும் முழுதாக இல்லாதவர்கள் பலர் இ.பி.எஃப். கணக்கைப் பார்த்துச் சம்பளத்தைத் திருப்பிக் கணக்குப் போடுகிறார்கள். தொழிலாளி பங்கு நூற்றுக்குப் பதினொன்று, ஆகவே அதை வைத்துச் சம்பளம் இவ்வளவு என்று. இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஓ.டி. பணத்துக்கு இ.பி.எஃப். பிடிப்பதில்லை, ஆனால் ஓ.டி. பணத்துக்கு வருமான வரி உண்டு. செம்பனை வரத்து அதிகமுள்ள மாதங்களில் ஓ.டி. எவ்வளவு ஏறும் என்று தோட்ட அலுவலகத்தில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இ.பி.எஃப். வழியாகத் திருப்பிக் கணக்குப் போட்டால் அவ்வளவும் விடுபட்டுப் போகும். இன்னொன்று, ஒரு மாதச் சம்பளத்துக்கான சந்தா அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்படுவது. டிசம்பர் சம்பளத்தின் சந்தா ஜனவரியில் வந்து விழும். எந்த மாதத்துக்கான சந்தா என்ற பத்தியைப் பார்க்காமல் பணம் வந்த தேதியைப் பார்த்தால் ஆண்டே ஒரு மாதம் நகர்ந்துவிடும். இ.பி.எஃப். கணக்கு ஒத்துப்பார்க்க உதவும், சம்பளத்தைக் கண்டுபிடிக்க உதவாது.

இ.ஏ. கைக்கு வந்த பிறகு மூன்று இடங்களைச் சீட்டுகளோடு ஒப்பிடுங்கள். முதலாவது மொத்தச் சம்பளம்: அடிப்படைச் சம்பளம், ஓ.டி., அலவன்ஸ், போனஸ் எல்லாம் சேர்த்து வந்ததா. இரண்டாவது பி.சி.பி., அதாவது மாதாமாதம் வரிக்காகப் பிடித்த தொகை. சீட்டில் பிடித்தது, இ.ஏ.வில் எழுதியது, மைடெக்ஸில் உங்கள் லெஜரில் (வரிக் கணக்கில்) வரவாகத் தெரிவது, மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். சீட்டில் பிடித்திருந்தும் லெஜரில் இல்லை என்றால், பிடித்த பணத்தை முதலாளி செலுத்தாமல் இருந்திருக்கலாம். அப்போது உங்கள் பக்கம் பேசுவது அந்தச் சம்பளச் சீட்டுதான். ஆகவே பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

மூன்றாவது இடத்தைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. தோட்டம் உங்களுக்கு வீடு கொடுத்திருந்தால், அந்த வீட்டின் மதிப்பும் வருமானமாக இ.ஏ.வில் வரும். பட்டணத்தில் கம்பெனி வீடு என்றால், அதன் மதிப்பு சம்பளத்தில் நூற்றுக்கு முப்பது வரை போகலாம். தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக்கு அப்படி இல்லை, சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றுதான். தலைமையகம் கோலாலம்பூரில் இருந்து, தோட்டத்தைப் பற்றித் தெரியாத ஒருவர் பாரம் தயாரித்தால், பட்டணத்துக் கணக்கிலேயே போட்டுவிட வாய்ப்பு உண்டு. குவார்ட்டர்ஸில் இருந்த கிராணிகள், தண்டல்கள், அசிஸ்டென்ட்கள் இந்த ஒரு எண்ணைக் கட்டாயம் பாருங்கள். தவறாக இருந்தால் திருத்திய இ.ஏ. கேளுங்கள்.

நடு ஆண்டில் வேலை மாறியவர்களுக்கு டி.பி.3 என்று ஒரு பாரம் உண்டு. முந்திய முதலாளியிடம் வாங்கிய சம்பளம், பிடித்த பி.சி.பி., கட்டிய இ.பி.எஃப். ஆகியவற்றைப் புதிய முதலாளிக்குச் சொல்வது அது. அதைக் கொடுத்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கொடுக்கவில்லை என்றால், ஆகஸ்ட் வரை உங்களுக்கு வருமானமே இல்லாதது போல் புதிய இடத்தில் பி.சி.பி. குறைவாகப் பிடித்திருப்பார்கள். இரண்டு இ.ஏ.வையும் சேர்த்துப் போடும்போது மீதி கட்ட வேண்டி வரலாம். பயப்பட ஒன்றுமில்லை, பணத்தை மட்டும் ஒதுக்கி வையுங்கள்.

எதிர்ப்புறமும் நடக்கும். மாதம் 3,000 வெள்ளி சம்பளம் வாங்கும், குடும்பம் இல்லாத ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 36,000. இ.பி.எஃப். 3,960, தனிநபர் கழிவு 9,000 போக, வரிக்குரிய வருமானம் 23,040. முதல் 20,000-க்கு 150 வெள்ளி, மீதி 3,040-க்கு நூற்றுக்கு மூன்று வீதம் 91 வெள்ளி 20 காசு. ஆக வரி 241 வெள்ளி 20 காசு. வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டாதவருக்கு வரியிலேயே 400 வெள்ளி தள்ளுபடி உண்டு. எனவே கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. ஓ.டி. கூடுதலாக வந்த மாதத்தில் பி.சி.பி. பிடித்திருந்தால், கணக்கு இப்படிப் பூஜ்யமாகும்போது அது முழுவதும் திரும்பி வரும். பாரம் அனுப்பினால்தான் வரும். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் சம்பளம் கொஞ்சம்தானே என்று பாரமே அனுப்பாமல் இந்தப் பணத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தம்.

டியூஷன் பணத்தைப் பற்றி நீங்கள் கொஞ்சம் ஒதுங்கியே கேட்டீர்கள். ஒளிக்க வேண்டாம். எப்போதோ ஒரு பிள்ளைக்குப் பரீட்சை நேரத்தில் சொல்லிக் கொடுத்தது வேறு, வாரந்தோறும் கட்டணம் வாங்கி நடத்துவது வேறு. இரண்டாவது வியாபார வருமானம். அப்படியானால் வியாபார வருமானம் இல்லாதவர்களுக்கான பி.இ. பாரம் உங்களுக்குப் பொருந்தாது, சம்பளத்தையும் சேர்த்து பி பாரத்தில் காட்ட வேண்டும். கடைசித் தேதியும் மாறும்: பி.இ. ஏப்ரல் 30, பி ஜூன் 30. இ-ஃபைலிங் செய்பவர்களுக்கு வழக்கமாக இதற்கு மேல் பதினைந்து நாள் அவகாசம் தருவார்கள். ஆனால் அதை நம்பித் தாள் சேர்க்கத் தாமதிக்காதீர்கள். டியூஷனுக்கு யாரும் உங்களுக்கு இ.ஏ. தர மாட்டார்கள், தாளை நீங்களே உண்டாக்க வேண்டும். பிள்ளையின் பெயர், மாதம், வாங்கிய தொகை என்று ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தாள், மார்க்கர், பயிற்சிப் புத்தகம் வாங்கிய ரசீதுகளையும் அதிலேயே ஒட்டி வையுங்கள், அவை செலவாகக் கழியும். இன்சூரன்ஸ் ஏஜெண்டாகவோ நேரடி விற்பனையிலோ இருப்பவர்களும் இதே வழிதான். ஆண்டில் 5,000 வெள்ளிக்கு மேல் ஊக்கத்தொகை வாங்கியிருந்தால் கம்பெனி சி.பி.58 என்ற தாள் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

அப்பாவுடைய கோப்பில்தான் அதிகக் கவனம் வேண்டும். தொகை பெரியது, தாள் தவறினால் இழப்பும் பெரியது. வேலை இழப்புக்காகக் கிடைக்கும் நஷ்டஈட்டில், அதே முதலாளியிடம் அல்லது அதே குழுமத்தைச் சேர்ந்த கம்பெனிகளில் முடித்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 10,000 வெள்ளி வரை வரி இல்லை. 26 ஆண்டு 9 மாதம் வேலை செய்தவருக்கு 26 ஆண்டு கணக்கு, அதாவது 260,000 வெள்ளி வரை விலக்கு. வேலை நீக்க நன்மைகளுக்கான 1980-ஆம் ஆண்டு விதிகள், ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்கின்றன. அந்த அளவில் கிடைத்த தொகை பெரும்பாலும் விலக்குக்குள் அடங்கிவிடும். ஆனால் விலக்குக்கு ஆதாரம் தாள்தான்.

கடிதத்தில் இந்தப் பணம் எதற்கு என்று எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வேலை இழப்புக்கான நஷ்டஈடு என்றால் மேலே சொன்ன கணக்கு. ஓய்வு பெறுவதற்கான பணிக்கொடை என்றால் கணக்கே வேறு: 55 வயதை எட்டி, அதே முதலாளியிடம் பத்து ஆண்டு முடித்திருந்தால் முழுவதும் விலக்கு. எடுக்காத விடுமுறைக்கான பணமும் பாக்கிச் சம்பளமும் இரண்டிலும் சேராது, அவை சாதாரணச் சம்பளம்தான். கம்பெனி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே காசோலையாகக் கொடுத்து, கடிதத்தில் மொத்தத் தொகையை மட்டும் எழுதியிருந்தால், பிரித்துக் காட்டி ஒரு கடிதம் தரும்படி இப்போதே கேளுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த அலுவலகத்தில் அதே ஆட்கள் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. செக்ரோல் (தோட்டத்தின் வருகை, சம்பளப் பதிவேடு) எங்கே போனது என்று கேட்டால் கை விரிப்பார்கள்.

வேலை செய்த ஆண்டுகளுக்கும் ஆதாரம் தேவை. தோட்டம் இதற்கு முன்பும் கைமாறியிருக்கலாம், கம்பெனியின் பெயர் மாறியிருக்கலாம். அப்பாவிடம் உள்ள பழைய நியமனக் கடிதம், பழைய இ.பி.எஃப். தாள்கள், நீண்டகாலச் சேவைக்குக் கொடுத்த சான்றிதழ் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். சங்க உறுப்பினராக இருந்தால், தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தின் கிளையிலும் விசாரியுங்கள், பேச்சுவார்த்தை சங்கத்தின் வழியாக நடந்திருந்தால் ஒப்பந்தப் பிரதி அங்கே இருக்கும். அப்பாவின் இ.ஏ. பாரத்தையும் மறக்காமல் வாங்குங்கள், வேலை இழப்பு நஷ்டஈட்டுக்கு அதில் தனி இடம் உண்டு. வரி வாரியத்தின் அனுமதிக் கடிதம் வரும்வரை கடைசிப் பணத்தில் ஒரு பகுதியைக் கம்பெனி நிறுத்தி வைத்திருந்தால், அந்தக் கடிதத்தின் பிரதியும் இந்தக் கோப்புக்கு வர வேண்டும்.

அம்மாவின் செம்பனைக்கு, குலை வாங்கும் வியாபாரி ஒவ்வொரு முறையும் கொடுக்கும் எடைச் சீட்டுதான் வருமானத் தாள். எடை, விலை, தேதி மூன்றும் அதில் இருக்கும். மாதக் கணக்கைத் தொகுத்துத் தரும்படி வியாபாரியிடம் கேட்டாலும் தருவார்கள். எதிர்ப்பக்கத்தில் உரம், களைக்கொல்லி, வெட்டுக் கூலி, லாரிக் கூலி. கூலி வாங்கும் ஆளிடம் ஒரு சிறு ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கழிவு போக மிஞ்சுவது வரி எல்லைக்குக் கீழே இருந்தாலும் இந்தக் கணக்கு வேண்டும். எல்லைக்குக் கீழே என்று சொல்வதற்கே அதுதானே ஆதாரம். நிலமும் எம்.பி.ஓ.பி. (மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம்) லைசென்ஸும் அம்மா பெயரில் என்றால் வருமானமும் அம்மாவுடையதே, உங்கள் பாரத்தில் கலக்காதீர்கள்.

வாடகைக்கு வாடகை ஒப்பந்தமும் வங்கி வரவும் வேண்டும். செலவாகக் கழிவது வீட்டு வரி, நில வரி, தீக் காப்புறுதி, பழுதுபார்ப்பு, வீட்டுக் கடனின் வட்டி. மாதத் தவணை முழுவதையும் கழிக்க முடியாது, வட்டியை மட்டுமே. ஆகவே வட்டியையும் அசலையும் பிரித்துக் காட்டும் ஆண்டு அறிக்கையை வங்கியிடம் வாங்குங்கள்.

அந்தப் பன்னிரண்டு மாதத் தாளில் இன்னும் சில வரவுகள் தெரியும். இ.பி.எஃப்.பிலிருந்து எடுத்த பணம், அது மூன்றாவது கணக்கான ஃபிளெக்ஸிபிலிலிருந்து எடுத்ததாக இருந்தாலும் வருமானம் இல்லை. இ.பி.எஃப். லாபஈவு, அமானா சஹாம் (யூனிட் டிரஸ்ட் முதலீடு) லாபஈவு, வங்கிச் சேமிப்பு வட்டி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) கொடுக்கும் உதவித்தொகை இவற்றுக்கும் வரி இல்லை. ஆனாலும் அறிக்கைகளை எடுத்துக் கோப்பில் வையுங்கள். பிற்பாடு தணிக்கையில் கேட்பது பெரும்பாலும் வங்கிக் கணக்கில் இருக்கும், பாரத்தில் இல்லாத பணத்தைத்தான். அப்போது இது இன்ன பணம் என்று உடனே ஒரு தாளைக் காட்ட முடிய வேண்டும்.

கழிவு ரசீதுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒன்று மட்டும் சொல்கிறேன். அப்பா அம்மாவின் மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு, அதனால் கிளினிக் ரசீதுகளை விடாதீர்கள். கடை ரசீது, கிளினிக் ரசீது எல்லாம் சூடு பட்டால் எழுத்து மங்கும் தாளில்தான் வருகின்றன. வாங்கிய அன்றே படம் பிடித்து, ஒரு பிரதியும் எடுத்துவிடுங்கள்.

பாரத்தோடு இந்தத் தாள்கள் எதையும் அனுப்ப வேண்டாம். வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும், பாரம் அனுப்பிய ஆண்டு முடிந்ததிலிருந்து ஏழு ஆண்டு. 2025-ஆம் ஆண்டுக் கணக்கை 2026-இல் அனுப்பினால் 2033 கடைசி வரை. இந்த வாரம் முதலில் செய்ய வேண்டியது பழைய கம்பெனியின் தலைமையகத்துக்கு இரண்டு கடிதம்: உங்கள் இ.ஏ.வுக்கு ஒன்று, அப்பாவின் இ.ஏ.வுக்கும் நஷ்டஈட்டைப் பிரித்துக் காட்டும் விவரத்துக்கும் ஒன்று. இரண்டாவதில் அப்பாவையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அவருடைய சம்பள விவரத்தை உங்களிடம் தர மாட்டோம் என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.